கைக்குழியைப் பாருங்கள்! – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை உடை, அறை இரண்டையும் பற்றி நிறையக் கடிதங்கள். துணி வெட்டும் மேசை முன்னால் நின்றே பழகியவள் நான். வீட்டு அறைகளுக்கு யோசனை சொல்லத் தொடங்கியது பிறகுதான். அதனால் நாற்காலியைப் பற்றிக் கேட்டாலும் எனக்குத் தையல்தான் முதலில் நினைவுக்கு வரும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

உலகப் புகழ் பெற்ற டிசைனர்களின் படங்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த உடைகளை நான் எந்தக் காலத்திலும் வாங்கப் போவதில்லை. அவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம், மேடம்?
– கல்லூரி மாணவி ஒருவர்

பிரயோஜனம் நிறையவே இருக்கிறதம்மா. ஆனால் படத்தை முழுசாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் ஆசை மட்டும்தான் மிஞ்சும். ஏதாவது ஓர் இடத்தில் கண்ணை நிறுத்த வேண்டும். நான் நிறுத்துவது கைக்குழியில். உடம்புத் துண்டும் கைத்துண்டும் வந்து சேரும் வளையத்தைச் சொல்கிறேன். வெட்டியவருக்கு மனித உடம்பைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது அங்கே தெரிந்துவிடும்.

பாரீஸ் டிசைனர் கோகோ ஷனெல் 1954-இல், தன் 70வது வயதில், போர்க்காலத்தில் மூடிய ஆடை நிறுவனத்தை மறுபடி திறந்தார். அதன் பிறகு வந்ததுதான் உலகமே பார்த்துப் பார்த்துத் தைத்த அந்தக் காலர் இல்லாத ட்வீட் (சொரசொரப்பான கம்பளித் துணி) ஜாக்கெட். ஓரத்தில் பின்னல் நாடா, முன்னால் பாக்கெட்டுகள், நேரான வெட்டு. படத்தில் தெரிவது இவ்வளவுதான். அதன் கைக்குழியோ அக்குளை ஒட்டி, உயரத்தில், சின்னதாக வெட்டப்பட்டிருக்கும். கைக்குழி பெரிதாகக் கீழே இறங்கியிருந்தால்தான் கை தாராளமாக அசையும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நேர்மாறு! உங்களிடம் இருக்கும் தொளதொள சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிப் பாருங்கள். இடுப்பு ஓரம் வரை மொத்தச் சட்டையும் கூடவே மேலே ஏறும். இறுக்கமாக உயர்த்தி வெட்டிய கைக்குழியில் கை மட்டும் ஏறும், உடம்புப் பகுதி இருந்த இடத்தில் இருக்கும். இது சரியாக வரும் வரை ஷனெல் மாடல் பெண்ணை நிற்க வைத்துக்கொண்டு, தைத்த கையைப் பிரித்துப் பிரித்து மறுபடி குத்தச் சொல்வார். கழுத்தில் ரிப்பன் கட்டிக் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருப்பார்.

அப்புறம் உள்ளே பாருங்கள். லைனிங் பட்டை ட்வீட்டோடு சேர்த்து வரிசை வரிசையாகத் தையல் போட்டிருப்பார்கள். ட்வீட்டின் சொரசொரப்பில் அந்த நூல் மறைந்துவிடும். அதனால் விறைப்புக்கு என்று தனியாகக் கேன்வாஸ் வைக்க வேண்டியதில்லை, துணி தன் மென்மையை இழக்காது. கீழ் ஓரத்தில், லைனிங் முடியும் இடத்தில், மெல்லிய உலோகச் சங்கிலி ஒன்று கை ஊசியால் தைக்கப்பட்டிருக்கும். அது அலங்காரம் இல்லை, எடை. அந்த எடைதான் லேசான ஜாக்கெட்டை நேராக இழுத்து நிறுத்துகிறது. பாக்கெட்டில் கை போகும். பட்டனுக்குக் காஜா இருக்கும்.

இதில் எதற்கு உங்களுக்குப் பெரிய பணம் வேண்டும், சொல்லுங்கள். அடுத்த உடை தைக்கக் கொடுக்கும்போது கைக்குழியை ஏற்றி வெட்டச் சொல்லுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். இறக்கி வெட்டிவிட்ட கைக்குழியை ஏற்றுவதற்கு அங்கே துணி இருக்காது. ஜன்னல் திரை காற்றில் பறந்துகொண்டே இருக்கிறதா? ஓர மடிப்புக்குள் மெல்லிய சங்கிலியைக் கோத்துவிடுங்கள். ஷனெல் உங்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

50 வயதைத் தாண்டிவிட்டேன். முதுகு லேசாக வளைந்திருக்கிறது, வயிறும் போட்டிருக்கிறது. டிசைனர்கள் எல்லோரும் ஒல்லிப் பெண்களுக்குத்தானே தைக்கிறார்கள்? நான் யாரைப் பார்ப்பது?
– ஓய்வு பெறப்போகும் ஆசிரியை

கிறிஸ்டோபல் பலென்சியாகாவைப் பாருங்கள். உங்களுக்காகவே பிறந்தவர் என்றுதான் சொல்வேன்.

ஸ்பெயினில் கெட்டாரியா என்ற கடலோர ஊரில் 1895-இல் பிறந்தவர். அம்மா தையல்காரர். வரைவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. பெரிய பெயர் எடுத்த டிசைனர்களிலேயே இது எல்லோருக்கும் அமைந்ததில்லை. 1937-இல் பாரீசில் கடை திறந்து 1968 வரை நடத்தினார். அவரிடம் தைத்துக்கொண்டவர்களில் நடுவயதைத் தாண்டிய பெண்கள் நிறையப் பேர்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? காலரைக் கழுத்தில் ஒட்டவிடாமல் பின்பக்கம் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். முதுகு வளைவு இருப்பவர்களுக்குச் சாதாரணக் காலர் பிடரியில் முட்டும், கழுத்து குட்டையாகத் தெரியும். காலர் தள்ளி நின்றால் பிடரி வெளியே தெரியும், கழுத்து நீளும். கையை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்தினார். எந்த வயதிலும் எந்த உடம்பிலும் மெல்லிசாக இருக்கும் இடம் மணிக்கட்டு. அது கண்ணில் பட்டாலே மொத்த உருவமும் லேசாகிவிடும். 1951-இல் முன்பக்கம் உடம்போடு படிந்து, பின்பக்கம் விட்டுத் தொங்கும் சூட் ஒன்றைக் கொண்டுவந்தார். 1957-இல் இடுப்பையே பிடிக்காத நேர் உடை. இடுப்பு எங்கே இருக்கிறது என்று உடை கேட்கவே இல்லை. அந்தக் காலத்தில் மற்றவர்கள் எல்லாம் பெண்ணின் இடுப்பைக் கட்டி இறுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு என் யோசனை: கையை முழுநீளம் வைக்காதீர்கள். பின் கழுத்தை ஒரு விரல் அகலம் இறக்குங்கள். முதுகு வளைந்திருப்பதால் பின் துண்டு முன் துண்டைவிட நீளமாக இருக்க வேண்டும். அளவெடுக்கும்போது பின் கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை தனியாக அளக்கச் சொல்லுங்கள். பலபேர் முன்பக்கம் மட்டும் அளந்து பின்பக்கத்தை ஊகிக்கிறார்கள். பின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன், மேடலின் வியோனே. துணியின் நூலோட்டத்துக்கு 45 டிகிரி சாய்வில், நாம் கிராஸ் என்கிறோமே, அந்த வாக்கில் முழு உடையையும் வெட்டிக் காட்டியவர். அதற்கு முன்பு காலருக்கும் பைப்பிங்குக்கும்தான் கிராஸ் துணி. ஒரு சின்ன மரப் பொம்மைமேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் அவர் வடிவம் கண்டுபிடிப்பார். ஒரு கைக்குட்டையை எதிரெதிர் மூலைகளில் பிடித்து இழுத்துப் பாருங்கள். விளிம்பில் பிடித்து இழுத்தால் நீளாத துணி, மூலையில் பிடித்தால் ரப்பராக நீளும். அதனால்தான் கிராஸ் வெட்டிய உடை வயிற்றைப் பிதுக்காமல் வழிந்து விழுகிறது. துணி கூடுதலாகச் செலவாகும். தைத்ததும் ஓரம் மடித்துவிடாமல் ஓரிரு நாள் தொங்கவிட வேண்டும். தன் எடையில் அது இறங்கும், ஒரே சீராகவும் இறங்காது. இறங்கி முடித்த பிறகு ஓரத்தை வெட்டிச் சமன் செய்து மடியுங்கள். அவசரக்காரர்களுக்கு இந்த வெட்டு ஒத்துவராது.

பெண்கள் உடையில் பாக்கெட் வைத்தால் அழகு கெட்டுவிடும் என்கிறார் என் தையல்காரர். உண்மையா?
– வேலைக்குப் போகும் வாசகி

இல்லை. கிளேர் மெக்கார்டெல் என்ற அமெரிக்க டிசைனரின் பெயரை அவரிடம் சொல்லுங்கள். 1942-இல், வீட்டு வேலைக்கு இருந்தவர்கள் போர்க்கால வேலைகளுக்குப் போய்விட்ட நேரத்தில், சுற்றிக் கட்டிக்கொள்ளும் டெனிம் உடை ஒன்றை அவர் செய்தார். சமைக்கவும் அதுதான், விருந்தாளியை வரவேற்கவும் அதுதான். முன்னால் பெரிய பாக்கெட், கூடவே சூடான பாத்திரம் பிடிக்க அதே துணியில் ஒரு கையுறை. அந்த உடை அமோகமாக விற்றது. இன்னொருவர் உதவி இல்லாமல் பெண் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஜிப்பை முதுகிலிருந்து பக்கவாட்டுக்குக் கொண்டுவந்ததும் அவர் பழக்கம்.

பாக்கெட் அசிங்கமாகத் தெரிவது இடம் தவறினால்தான். பக்கத் தையலில் வைக்கிறீர்களானால் பாக்கெட் பையை இடுப்புப் பட்டியோடு மேலே இணைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அப்போது உள்ளே போன் இருந்தாலும் எடை இடுப்பில் நிற்கும், துணி பக்கவாட்டில் பிதுங்காது.

ஆண்களுக்கு ஒரு பெயர் சொல்லக் கூடாதா?
– இளைஞர் ஒருவர்

ஜார்ஜியோ அர்மானி, தம்பி. 2025-இல் தன் 91வது வயதில் மறைந்தார். 1970-களின் நடுவில் கோட்டுக்குள் இருந்த தோள் பஞ்சையும் விறைப்புத் துணியையும் லைனிங்கையும் உருவி எடுத்தார். கோட் சட்டையைப் போலத் தோளில் படிந்தது. உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்தலாம். தோளைத் திருத்துவது பெரிய வேலை.

ஷனெல்லைப் பற்றி முன்பும் எழுதியிருந்தீர்கள். போர்க்காலத்தில் அவர் ஜெர்மானியர்களோடு இருந்தார் என்று படித்தேன். அப்படிப்பட்டவரைப் பாராட்டலாமா?
– நீண்ட நாள் வாசகர்

நீங்கள் படித்தது உண்மை. ஜெர்மனி பாரீசைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவர் ஜெர்மன் அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தார். அப்போதிருந்த யூத விரோதச் சட்டங்களைக் காட்டி, வாசனைத் திரவிய நிறுவனத்தில் தன் யூதப் பங்குதாரர்களிடமிருந்த உரிமையைப் பறிக்கவும் முயன்றார். அது நடக்கவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. கைக்குழியை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவர் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டியதில்லை.

எங்களுடையது சின்ன வீடு. ஓர் அறையிலேயே படுக்கை, படிப்பு, சாப்பாடு எல்லாம். இன்டீரியர் டிசைன் புத்தகங்களில் வரும் மாளிகைகளைப் பார்த்து நான் என்ன கற்றுக்கொள்ள முடியும்?
– புதிதாகக் குடித்தனம் போன தம்பதி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மாளிகைகளை விடுங்கள். ஐலீன் கிரேயின் வீட்டைப் பாருங்கள்.

அயர்லாந்தில் 1878-இல் பிறந்து பாரீசில் வாழ்ந்த டிசைனர். அரக்குப் பூச்சு வேலையை செய்சோ சுகவாரா என்ற ஜப்பானியக் கைவினைஞரிடம் வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்றவர். கட்டடக்கலையைக் கல்லூரியில் படித்தவர் அல்லர். 1926 முதல் 1929 வரை பிரான்சின் தென்கடற்கரையில் ரோக்ப்ரூன்–காப்-மார்த்தான் என்ற இடத்தில் ஒரு வீடு கட்டினார். பெயர் ஈ-1027. தன் பெயரின் எழுத்துகளையும், யாருக்காகக் கட்டினாரோ அந்த ஜான் படோவிசியின் எழுத்துகளையும் எண்களாக்கிக் கோத்த பெயர் அது. பெரிய வீடு இல்லை. ஆனால் அதற்குள் ஒரு மனிதர் காலையிலிருந்து இரவு வரை என்னென்ன செய்வார், எங்கே கை நீட்டுவார், எங்கே எரிச்சல்படுவார் என்று யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார்.

அங்கே வைத்த சின்ன மேசை இன்றும் உலகம் முழுவதும் செய்யப்படுகிறது. வட்டக் கண்ணாடித் தட்டு, எஃகுக் குழாய்க் கால். கால் நடுவில் இல்லை, ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கிறது. அடியில் இருக்கும் வளையம் திறந்த வளையம். அதனால் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் தட்டு மட்டும் படுக்கைக்கு மேலே வந்து நிற்கும். உயரத்தை ஏற்றி இறக்கலாம். படுத்திருப்பவருக்குச் சாப்பாட்டு மேசை, உட்கார்ந்திருப்பவருக்கு எழுதும் மேசை, சோபாவுக்குப் பக்க மேசை. சாப்பிடும் மேசையின் மேல்பரப்பில் கார்க் பதித்தார், தட்டும் கரண்டியும் வைக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றில் இன்னொரு குட்டிக் கண்ணாடியை நீளும் கையில் பொருத்தினார், பிடரியைப் பார்த்துக்கொள்வதற்காக. அலமாரிகளில் என்ன பொருள் எங்கே என்று ஸ்டென்சில் எழுத்து. வெயில் எந்த நேரத்தில் எந்த அறைக்கு வருகிறது என்று கவனித்து அறைகளைத் திருப்பி வைத்தார்.

ஒரே அறையில் வாழ்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சாமான் வாங்கும் முன்பு ஒரு வாரம், அந்த அறையில் எந்த நேரத்தில் யாருக்கு எது இடிக்கிறது என்று இருவரும் ஒரு தாளில் எழுதுங்கள். "படுத்துக்கொண்டு படிக்கும்போது கண்ணாடி டம்ளர் வைக்க இடமில்லை." "கதவைத் திறந்தால் அலமாரிக் கதவு முட்டுகிறது." இப்படி. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். ஒரு சாமான் குறைந்தது இரண்டு எரிச்சலைத் தீர்க்க வேண்டும் என்று நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஆஸ்திரியாவிலிருந்து 1933-இல் சுவீடனுக்குப் போய்விட்ட டிசைனர் ஜோசஃப் ஃப்ராங்க், அலமாரிகளை உயரமான கால்களில் நிறுத்தினார். தரையும் சுவரும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தக் கோடு தெரிந்தால் அறை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் புரியும், அறை அகலமாகத் தோன்றும். தரையோடு உட்கார்ந்த பெட்டி அலமாரி அந்தக் கோட்டை மறைத்து அறையைச் சுருக்கிவிடும். சின்ன அறைக்குக் கால் உள்ள சாமான்தான்.

சுவருக்கு வெள்ளை அடித்தால்தான் நவீனமாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு வண்ணம் பிடிக்கும், ஆனால் பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி

வெள்ளையே ஒரே வண்ணம் இல்லையே! 1927-இல் லண்டனில் சிரீ மாம் என்ற அலங்கார நிபுணர் தன் வரவேற்பறையை முழுக்க வெள்ளையாக்கிப் பரபரப்பை உண்டாக்கினார். அதில் தந்த வெள்ளை, சிப்பி வெள்ளை, பால் வெள்ளை என்று பல வெள்ளைகள். சாட்டின், கம்பளம், கண்ணாடித் தடுப்பு என்று ஒவ்வொரு பரப்பும் வெளிச்சத்தை ஒவ்வொரு விதமாக வாங்கியது. ஒரே டப்பா வெள்ளையை நாலு சுவரிலும் கூரையிலும் அடித்துவிட்டு அறை உயிரில்லாமல் இருக்கிறது என்று வருத்தப்படுபவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

வண்ணத்துக்கு வருவோம். மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பாராகான் 1948-இல் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு இப்போது யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அடர்ந்த ரோஜாச் சிவப்பு, மஞ்சள் எல்லாம் உண்டு. ஆனால் நாலு சுவரும் ஒரே சத்தம் போடவில்லை. வெளிச்சம் விழும் சுவர் ஒன்றுக்கு வண்ணம் கொடுத்தால், பக்கத்து வெள்ளைச் சுவர் தானாக அந்தச் சாயலை வாங்கிக்கொள்ளும். வண்ணம் பெயிண்டில் பாதி, வெளிச்சத்தில் பாதி. மாடிப்படிக்கு மேலே தங்க நிறப் பலகை ஒன்று இருக்கிறது. மேலிருந்து வரும் ஒளி அதில் பட்டுப் படிகளில் இறங்குகிறது.

அப்புறம் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ. பின்லாந்தில் பைமியோ என்ற இடத்தில் 1933-இல் முடிந்த காசநோய் மருத்துவமனையில், நோயாளி நாள் முழுக்கப் பார்ப்பது கூரையைத்தான் என்பதால் கூரைக்குக் கண்ணுக்கு இதமான பச்சை கொடுத்தார். பக்கத்துப் படுக்கைக்காரரின் தூக்கம் கெடக்கூடாது என்று, தண்ணீர் விழும் சத்தம் கேட்காத கைகழுவும் தொட்டி. டாக்டர்களின் கோட்டுக் கை மாட்டிக்கொள்ளாதபடி கதவுக் கைப்பிடியை வளைத்தார். கதவு செய்யும்போது சட்டைக்கையை நினைத்த மனிதர்! எனக்கு அவர்மேல் உள்ள மரியாதைக்கு அது ஒன்றே போதும்.

பயம் போக வழி சொல்கிறேன். கடையில் தரும் சின்ன அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பெரிய அட்டையில் இரண்டு கை பெயிண்ட் அடித்துக் காய வைத்து, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று வெவ்வேறு சுவரில் சாய்த்துப் பாருங்கள். நேரடியாகச் சுவரில் தீற்றிப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய வண்ணம் சுற்றிலும் இருப்பதால் புதியது உள்ளபடி தெரியாது.

பூப்போட்ட திரையும் பூப்போட்ட சோபாவும் சேர்ந்து இருந்தால் கண்ணைக் குத்தாதா?
– வாசகி

ஃப்ராங்க் இதற்கு நேர் எதிர்க் கருத்துக்காரர். வடிவங்கள் நிறைந்த பரப்பு கண்ணுக்கு நிம்மதி என்றும், வெறுமையான பரப்புதான் அமைதியைக் கெடுக்கும் என்றும் நினைத்தார். ஸ்டாக்ஹோமில் எஸ்ட்ரிட் எரிக்சன் 1924-இல் தொடங்கிய ஸ்வென்ஸ்க்ட் டென் கடைக்காக அவர் வரைந்த செடிகொடி, பறவை அச்சுத் துணிகள் இன்றும் விற்கின்றன. அவற்றில் ஒரே கொடியில் வெவ்வேறு பூக்கள் பூக்கும். எங்கே ஒரு வடிவம் முடிந்து மறுபடி தொடங்குகிறது என்று சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் ரகசியம். கண்ணைக் குத்துவது பூ அல்ல, ஒரே அளவுப் பூ திரும்பத் திரும்ப வருவது. ஒன்றில் பெரிய பூ, இன்னொன்றில் மிகச் சிறிய பூ, இரண்டிலும் பொதுவாக ஒரு வண்ணம். இப்படி எடுத்தால் தைரியமாகச் சேர்க்கலாம்.

உடைக்கும் வீட்டுக்கும் ஒரே ரசனை போதுமா? இரண்டும் தனித்தனிக் கலை இல்லையா?
– கலைக்கல்லூரி மாணவர்

கருவி வேறு, கண் ஒன்று. பால் புவாரே என்ற பாரீஸ் டிசைனர் 1911-இல் தன் மகள் மார்ட்டினின் பெயரில் சிறுமிகளுக்கு ஒரு வரைகலைப் பள்ளி வைத்தார். பாடம் நடத்தவில்லை, தோட்டத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் அனுப்பி வரையச் சொன்னார். அந்தப் படங்கள் துணியாகவும் சுவர்த்தாளாகவும் கம்பளமாகவும் ஆகின. அதே 1911-இல் ஓவியர் சோனியா டெலோனே, பிறந்த குழந்தைக்காகத் துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்த போர்வையிலிருந்து ஓவியத்துக்கும் பிறகு உடைக்கும் அறைக்கும் போனார்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தவர் வெனிசில் வேலை செய்த மரியானோ ஃபோர்ச்சுனி. 1907 வாக்கில் அவர் உருவாக்கிய டெல்ஃபோஸ் உடை முழுக்கப் பொடிப் பொடி மடிப்புகள் உள்ள பட்டு. இறகு எடை. அது உடம்பில் படிந்து விழ, பக்கத் தையல் நெடுக முரானோ கண்ணாடி மணிகளைக் கோத்தார். பார்ப்பவர்களுக்கு மணி, துணிக்கு எடை. ஷனெல்லின் சங்கிலிக்கு முன்னோடி. அதே ஆள்தான், பல்பின் வெளிச்சம் நேரே கண்ணில் படாமல் குடை போன்ற பரப்பில் பட்டுத் திரும்பி வரும் விளக்கையும் செய்தார். பட்டு மடிப்பில் வெளிச்சம் எப்படி வழுக்குகிறது என்று பார்த்த கண்ணுக்கு அறை வெளிச்சமும் பிடிபட்டது.

டிசைனர்களைப் பார்த்துச் செய்வது திருட்டு ஆகாதா?
– தையல் தொழில் தொடங்கியிருக்கும் வாசகி

நீங்கள் கேட்டதே பெரிய விஷயம். வியோனே தன் உடைகளின் லேபிளில் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். ஒவ்வொரு உடையையும் முன், பின், பக்கம் மூன்றும் தெரியும்படி புகைப்படம் எடுத்து ஆல்பமாக வைத்தார். காப்பியடிப்பவர்கள் அவ்வளவு தொல்லை. முழு உடையை அப்படியே எடுத்துத் தைத்து உங்கள் பெயரில் விற்றால் அது திருட்டுதான். கிராஸ் வெட்டைக் கற்று உங்கள் வடிவத்தில் பயன்படுத்தினால் அது படிப்பு. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பவர்களிடம் சொல்லுங்கள்.

பெயரை மறைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதற்கு ஐலீன் கிரேயே சாட்சி. அவர் கட்டிய வீட்டின் சுவர்களில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே 1938-39-இல் அவரைக் கேட்காமலேயே பெரிய ஓவியங்களைத் தீட்டினார். காலப்போக்கில் அந்த வீடே கார்பூசியே கட்டியது என்று சிலர் எழுதும் அளவுக்குப் போனது. 1968-இல் ஜோசஃப் ரிக்வெர்ட் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் கிரேயைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு 90 வயதை ஒட்டி. 1976-இல் இறந்தார். 2009-இல், யவ் சென் லோரான் வைத்திருந்த கிரேயின் நாற்காலி ஒன்று 2 கோடி யூரோவுக்கும் மேல் ஏலம் போனது. உடை டிசைனர் ஒருவர் தன் வீட்டில் யாருடைய நாற்காலியை வைத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு மதிப்பாவது உயிரோடு இருக்கும்போது அந்த அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தாங்குவதில்லை.

இஸ்திரி போட நேரமே இல்லை. மடிப்புக் கலையாத உடை எப்படிச் செய்கிறார்கள்?
– அடிக்கடி பயணம் போகும் வாசகி

ஜப்பானின் இஸ்ஸே மியாகே செய்து காட்டினார். வழக்கமாகத் துணியை மடித்துவிட்டு வெட்டித் தைப்பார்கள். அவர் அதைத் தலைகீழாக்கினார். முதலில் உடையை இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து, பிறகு தாள்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு ஏற்றினார். பாலியெஸ்டர் என்பதால் சூட்டில் விழுந்த மடிப்பு நிலைத்துவிடும். 1993 முதல் இது தனி வரிசையாகவே வருகிறது. துவைத்துக் காயப் போட்டால் போதும். வாங்கும்போது துணி எது என்று பாருங்கள். சுத்தப் பருத்தியில் இந்த மடிப்பு தண்ணீர் பட்டால் நிற்காது.

சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு வாங்கியிருக்கிறோம். எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?
– வாசகர்

டென்மார்க்கின் போல் ஹென்னிங்சென் 1920-களிலிருந்து இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படக்கூடாது என்று அடுக்கடுக்கான தட்டுகளால் விளக்கை மூடினார். 1958-இல் வந்த அவருடைய பிஎச்-5 விளக்கு அகலமானது, தாழ்வாக மாட்டத்தான் செய்தது. மேசைப் பரப்பிலிருந்து விளக்கின் அடி விளிம்பு வரை 60 செ.மீ. வையுங்கள். ஆணி அடிக்கும் முன்பு ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டிலேயே குட்டையான ஆளுக்குப் பல்பு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். உயரமான ஆளுக்கு எதிரே இருப்பவர் முகம் மறைந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒயரை மட்டும் இப்போதே வெட்டிவிடாதீர்கள், மேலே சுருட்டி வையுங்கள். மேசையை மாற்றும்போது தேவைப்படும்.